மலைநீரும் பேலியகொடை விளக்கும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. லக்சபானையில் மின்பொறியைச் சுழற்றிவிட்டு இறங்கும் நீரே பேலியகொடைக் கரையைத் தொட்டுக் கடலை அடைகிறது. வகுப்பறையில் இதனைக் கூறும்போது மாணவர் வியப்படைகின்றனர். அந்நீர் யாருக்கு முதலில் ஒளி தந்தது என்று அவர்கள் கேட்கும்போதே நாம் வரலாற்றைப் புரட்ட வேண்டியவராகிறோம்.

கொழும்பில் மின்சாரம் முதலில் ஹோட்டல்களுக்கும் வணிக மனைகளுக்குமே வந்தது. 1899இல் தொடங்கிய டிராம் வண்டி கிராண்ட்பாஸ் வரை ஓடிற்று. ஆற்றைக் கடந்து பேலியகொடைக்கு வரவில்லை. 1929இல் அவ்வண்டித் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். மின்சார வரலாறு எழுதுவோர் பொறிகளை எண்ணுவர். பொறிகளை இயக்கியோரை மறந்துவிடுவர்.

மலைநீரில் மின்னெடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். ஏகாதிபத்திய ஆட்சி தொடங்கியும் நிறுத்தியும் காலங்கடத்தியது. 1950இற்றான் 25 மெகாவாற் ஆற்றலுடன் லக்சபானை இயங்கலாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன், 1948இல், அம்மலைகளிலே தேயிலை பறித்தோரின் பிரசாவுரிமை சட்டத்தால் பறிக்கப்பட்டிருந்தது. மின்கம்பிகள் அவர்தம் லயன்களுக்கு மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன. லயன் அறைகளிலோ பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் அமிழ்ந்தது.

1969இல் அமைந்த மின்சார சபை நாட்டின் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் கம்பியைக் கொண்டுசென்றது. இது சிறிய சாதனையன்று. ஆயின் கம்பி வந்தால் மட்டும் போதுமா? 2022 ஆகஸ்ட்டுக்கு முன் மாதம் 30 அலகு எரித்த வீட்டுக்கு 105 ரூபா கட்டணம். 2023 பெப்ரவரியில் அதுவே 1,300 ரூபாவாயிற்று. பின்னர் குறைக்கப்பட்டது உண்மையே. அந்த மாதங்களில் இருளில் படித்த பிள்ளைகளின் பாடத்தை எக்கட்டணக் குறைப்பும் மீட்டுத் தரவில்லை.

பேலியகொடை போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கூரையின்கீழ் வாடகைக்கு இருக்கும் நான்கு குடும்பங்களுக்கு ஒரே மின்மானி. ஒவ்வொரு குடும்பமும் 25 அலகே எரித்தாலும் மானி நூறு காட்டும். ஏழையின் சிக்கனம் செல்வரின் படிவரிசையில் ஏறிவிடும். கூரை சொந்தமானோர் சூரியத் தகடு பொருத்திக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். கூரையே இல்லாதார் என் செய்வர்?

2024இன் மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. நவீன மானிகளும் வந்துகொண்டிருக்கின்றன. இவை ஆளனுப்பாமலே இணைப்பைத் துண்டிக்க வல்லவை. குறட்டோடு வாசலில் வந்து நின்ற தொழிலாளியிடமாவது இரண்டு நாள் தவணை கேட்க முடிந்தது! வாடகைச் சான்றைக் கொண்டே குடும்பத்துக்கொரு மானி வழங்குக. முன்னறிவித்தலின்றித் துண்டித்தலைத் தடைசெய்க. புதிய மானிகளைப் பொருத்துவோர், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது களனிப் பள்ளங்களில் நீர் ஏறிய மட்டத்தைச் சுவரிலே பார்த்து, அதற்கு மேலே பொருத்துவாராக.