கமக்காரருக்குக் கமக்காரரே ஆசான்: குவாத்தமாலா மலைச்சரிவில் தொடங்கிய கற்கை

1998 ஒக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. 10,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மலைச்சரிவுகளில் சோளமும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்த சிறு கமக்காரர்கள், தமது நிலத்தின் மேல்மண்ணையே வெள்ளத்துக்குப் பறிகொடுத்தனர். ஆனால் எல்லா நிலங்களுக்கும் ஒரே அளவில் சேதம் ஏற்படவில்லை. பக்கத்துப் பக்கத்துக் காணிகளில்கூட வேறுபாடு தெரிந்தது.

இந்த வேறுபாட்டைக் கமக்காரர்களே அளந்து பார்த்தனர். ஆய்வாளர் எரிக் ஹோல்ட் ஹிமெனெஸின் ஒருங்கிணைப்பில் ஹொண்டுராஸ், நிக்கரகுவா, குவாத்தமாலா ஆகிய மூன்று நாடுகளின் 360 சமூகங்களில் 1,804 நிலத்துண்டுகள் ஆராயப்பட்டன. மண்காப்பு முறைகளைக் கைக்கொண்ட ஒரு காணியும், வழக்கமான முறையில் பயிரிடப்பட்ட அயல்காணி ஒன்றும் சோடியாக ஒப்பிடப்பட்டன. மண்காப்புச் செய்த காணிகளில் மேல்மண் கூடுதலாக எஞ்சியிருந்தது. ஈரப்பதன் அதிகமாகவும் மண்ணரிப்பும் பொருளாதார இழப்பும் குறைவாகவும் காணப்பட்டன.

இந்த முறைகளை அவர்களில் பெரும்பாலானோர் கற்றுக்கொண்டது இன்னொரு கமக்காரரிடமிருந்துதான். ஸ்பானிய மொழியில் 'கம்பெசினோ ஆ கம்பெசினோ', அதாவது 'கமக்காரரிடமிருந்து கமக்காரருக்கு' என அழைக்கப்படும் இயக்கம் அது.

தொடக்கம்

1970களின் ஆரம்பத்தில் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ மாவட்டத்தில் இதன் வேர் ஊன்றப்பட்டது. அங்கு வாழும் கக்சிகெல் மக்கள் மாயா பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர். நல்ல சமவெளி நிலங்கள் பெருந்தோட்ட உரிமையாளர்களின் கைகளில் இருந்தன. செங்குத்தான சரிவுகளே இவர்களுக்கு எஞ்சின. விளைச்சல் போதாதபோது கரையோரத் தோட்டங்களுக்குப் பருவகாலக் கூலிகளாகச் சென்றனர்.

வேர்ல்ட் நெய்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆதரவுடன் சான் மார்தின் ஹிலோதெபெக்கே பகுதியில் மண்காப்புப் பயிற்சி ஆரம்பமானது. விரைவில் கக்சிகெல் கமக்காரர்களே பயிற்றுநர்களானார்கள். தமது மொழியில், தமது காணியில் வைத்து, அயலவருக்குச் செய்து காட்டினர்.

எப்படிக் கற்றார்கள்?

முதல் பாடத்துக்குத் தேவைப்பட்டவை மூன்று தடிகள், ஒரு கயிறு, ஒரு கல். தடிகளை 'A' வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். அதைக்கொண்டு சரிவில் சமவுயரக் கோட்டைக் குறித்து, அதன் வழியே கான் வெட்டுவார்கள். மழைநீர் ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்கும். கானின் ஓரத்தில் புல் நடப்படும். பின்னர் பூனைக்காலி போன்ற அவரையினக் கொடிகள் பசுந்தாட் பசளையாகச் சேர்க்கப்பட்டன.

புதிய முறையை முழுக் காணியிலும் ஒரேயடியாகச் செய்வதில்லை. ஒரு மூலையில் சோதித்து, பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தவறினாலும் அந்த வருடச் சாப்பாடு பறிபோகாது. பலன் கண்ணுக்குத் தெரிந்தால் அயலவர் தானாகவே கேட்டு வருவார். இலவசமாகப் பொருட்களைக் கொடுத்து ஆட்களைச் சேர்க்கும் வழி தவிர்க்கப்பட்டது.

எல்லை கடந்த பரிமாற்றம்

கக்சிகெல் கமக்காரர்களுக்கும் மெக்சிக்கோவின் திலாக்ஸ்கலா மாநிலத்திலுள்ள விசென்தே குரேரோ கிராமத்தவருக்கும் இடையே பரிமாற்றம் ஏற்பட்டது. மெக்சிக்கோக் கமக்காரர்கள் 1987இல் நிக்கரகுவாவுக்குச் சென்று அங்குள்ள கமக்காரர்களுக்குக் கற்பித்தனர். 1997இல் கியூபாவின் சிறு கமக்காரர் தேசிய சங்கம் இதே முறையைத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அங்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் இணைந்தன.

கொடுத்த விலை

இயக்கம் பிறந்த மண்ணிலோ அது நிம்மதியாக வளரவில்லை. விளைச்சல் பெருகியதும் கக்சிகெல் மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நிலம் வாங்கத் தொடங்கினர். பூர்வகுடிகள் அமைப்பாகத் திரள்வதை அரச படைகள் கிளர்ச்சியாகவே பார்த்தன. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் பயிற்றுநர்களும் கூட்டுறவுத் தலைவர்களும் வேட்டையாடப்பட்டனர். பலர் கொல்லப்பட்டனர். பலர் நாட்டைவிட்டுத் தப்பியோடினர்.

1960 முதல் 1996 வரை நீடித்த அந்தப் போரில் 200,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போனதாக 1999இல் உண்மை கண்டறியும் ஆணைக்குழு மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்ட பாதிக்கப்பட்டோரில் 83 வீதமானோர் மாயா மக்கள்.

மண்ணைக் காக்கும் அறிவைக் கமக்காரர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை இந்த இயக்கம் காட்டியது. ஆனால் மண்காப்பின் பலன் கிடைக்க வருடங்கள் எடுக்கும். அடுத்த போகம் வரை காணி தன் கையில் இருக்குமா என்பது தெரியாதவர் கான் வெட்டமாட்டார். ஆகவே நில உரிமையைத் தனியே ஒதுக்கிவிட்டு இந்தக் கற்கையைப் பற்றி மட்டும் பேச முடியாது. கக்சிகெல் மக்கள் அதை உயிர் கொடுத்து அறிந்தவர்கள்.