கண்ணாடிக் குழம்பை வெட்டும் கத்தரிக்கோலும் ஒரு பத்து லட்சம் டாலரும்

பாட்டில் செய்வதில் எது கஷ்டம் என்று கேட்டால், ஊதுவதுதான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் முதலாளிகளின் தலைவலி வேறு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரே எடையில் கண்ணாடிக் குழம்பை வெட்டிப் போடுவது எப்படி?

ஒரு காலத்தில் இது முழுக்கக் கைவேலை. ஒருவர் இரும்புக் கம்பியை உலைக்குள் விட்டுச் சுழற்றி, தேன் எடுப்பது போலக் குழம்பை எடுத்து வருவார். அது அச்சின் மேல் வழியும்போது கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். எடையெல்லாம் கண் திட்டம்தான். கூடினால் வீண், குறைந்தால் பாட்டில் நிற்காது.

அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் கொண்டு வந்த இயந்திரம் குழம்பை உறிஞ்சி, தொங்கும் வாலைக் கத்தியால் அறுத்தது. பிரமாதமான இயந்திரம்தான், ஆனால் மிகப் பெரியது, விலையும் அதிகம். இன்னொரு வழியைக் கண்டவர் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் நிறுவனத்தின் கார்ல் பைலர். உலையிலிருந்து வரும் வாய்க்காலின் அடியில் ஒரு துளை. மேலே ஒரு தண்டு இறங்கிக் குழம்பைத் தள்ளும். கீழே இரண்டு அலகுகள் சேர்ந்து 'சரக்'கென்று வெட்டும். உருண்டை நேராக அச்சுக்குள் விழும். உடனே தண்டு மேலே ஏறி, வெட்டுப்பட்ட முனையைச் சூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், வெட்டுத் தழும்பு ஆற! அலகுகளில் கண்ணாடி ஒட்டாமலிருக்க அவற்றை நனைத்துக் குளிர வைக்க வேண்டும்.

இனிதான் விஷயமே. இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஹார்ட்ஃபோர்ட்-எம்பயர் (1922-ல் வந்த பெயர்) என்ன செய்தது தெரியுமா? இந்த இயந்திரத்தைப் புகழ்ந்து தானே ஒரு கட்டுரை தயாரித்து, கண்ணாடித் தொழிலாளர் சங்கத் தலைவர் வில்லியம் கிளார்க் பெயரில் 1926-ல் ஒரு தொழில் இதழில் வெளியிட வைத்தது. இயந்திரத்தால் வேலை போகிற தரப்பின் தலைவரே பாராட்டுகிறார் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? 1928-ல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஹேசல்-அட்லஸ் கம்பெனி மீது வழக்கு. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1932-ல் அந்தக் கட்டுரையையே மேற்கோள் காட்டி ஹார்ட்ஃபோர்ட் பக்கம் தீர்ப்பளித்தது!

ஹேசல்-அட்லஸ் ஆள் நேரில் போய் விசாரித்தபோதும், கட்டுரை தன்னுடையதுதான் என்றார் கிளார்க். வேறு வழியின்றி அந்தக் கம்பெனி 10 லட்சம் டாலர் கட்டி உரிமமும் வாங்கியது. கிளார்க்குக்குப் போனது 8,000 டாலர். போட்ட பணம் 125 மடங்கு! எந்தப் பங்குச் சந்தையில் இது கிடைக்கும்?

அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் ஆவணங்களில்தான் 1941-ல் குட்டு வெளிப்பட்டது. 1944-ல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பையே ரத்து செய்தது.

அந்த ஏகபோக வழக்கு இன்னும் பெரிய கதை. 600-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் ஒரே குவியலில். இந்த வகை இயந்திரங்களில் செய்த பாட்டில்களில் 1938-ல் 94 சதவீதம் அந்தக் குவியலின் உரிமத்தில்தான் வந்தன. ஹார்ட்ஃபோர்ட் இயந்திரத்தை விற்காது, குத்தகைக்கு மட்டுமே விடும். யார் எந்த வகைப் பாட்டில் செய்யலாம் என்பதற்கும் கட்டுப்பாடு.

வேடிக்கை என்னவென்றால், ஏமாந்த ஹேசல்-அட்லஸும் சமரசத்துக்குப் பிறகு இந்தக் கூட்டணியில் சேர்ந்து ராயல்டியில் பங்கு வாங்கியது. அதனால் அதுவும் பிரதிவாதி! காப்புரிமைகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடச் சொன்னது கீழ் நீதிமன்றம். 1945-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, நியாயமான ராயல்டி வாங்கிக்கொள்ளலாம் என்றது.