``மனசு சரியில்லைன்னு லீவு கேட்க முடியுமா?'' - ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கான மனநல கைடு

ஆரணி என்றதும் பட்டுச்சேலை ஞாபகம் வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இங்கே நாம் பேசப்போவது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியைப் பற்றி. பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் நடுவில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி. இங்கேயும் சுற்றுவட்டார ஊர்களிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை சிப்காட் என்று கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, சென்னை ஆபீஸுக்குப் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு.

நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவரா? அப்படியென்றால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜுரம் என்றால் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கலாம். வயித்துப்போக்கு என்றால் கேட்கவே வேண்டாம், அவரே போகச் சொல்லிடுவார். ஆனால், ``ரெண்டு வாரமா மனசே சரியில்லை சார், வேலைக்கு வரவே பயமா இருக்கு'' என்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால் அன்றைக்கும் வயித்து வலி என்றே சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொள்கிறோம்.

2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பது தெரியவந்தது. ஐம்பது பேர் ஏறும் கம்பெனி பஸ்ஸில் கணக்குப் போட்டால் ஐந்து பேர். அதில் பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்கே போவதில்லை என்பதுதான் கவலைப்படவேண்டிய விஷயம்.

இது சோர்வா, நோயா?

`பர்ன் அவுட்' என்ற வார்த்தையை இன்ஸ்டாகிராமில் தினமும் பார்த்திருப்பீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. ஆள் மொத்தமாகக் களைத்துப்போவது, வேலை மீது வெறுப்பும் அலட்சியமும் வருவது, `நம்மால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியலை' என்ற எண்ணம் வளர்வது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பர்ன் அவுட். இதை நோய்ப் பட்டியலில் அவர்கள் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றே சொன்னார்கள். அதாவது, கோளாறு உங்கள் குணத்தில் இருப்பதாக முதலிலேயே முடிவு கட்டிவிடாதீங்க.

மன அழுத்த நோய், அதாவது டிப்ரெஷன், வேறு. தோராயமாக இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். மூணு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் முகம் தெளிகிறதா? வேலைதான் வாட்டுகிறது. லீவிலும் பிடித்த சாப்பாடு ருசிக்கலை, பிடித்த ஹீரோ படம் வந்தும் போகத் தோணலை, குழந்தை பக்கத்தில் வந்தால்கூட எரிச்சல், இது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் இருக்கிறதா? டாக்டரைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலாவதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவதாக மாறவும் வாய்ப்பு இருக்கிறது.

முதல் மருந்து தூக்கம்

மனநல டிப்ஸ் என்றாலே தியானம், யோகா, டைரி எழுதுவது என்று ஆரம்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து நாலு மணி நேரம்கூடத் தூங்காதவருக்கு தியானம் செய்யச் சொன்னால், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அதுதான் அவருக்கு நல்லதும்கூட.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். இருட்டினால் மெலட்டோனின் சுரந்து தூக்கம் வரும், வெளிச்சம் பட்டால் அது குறையும். காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடித்து, புதுவாயலில் இறங்கி, வெயிலில் பைக் ஓட்டி வீட்டுக்கு வருகிறீர்கள். `விடிஞ்சாச்சு, எழுந்திரு' என்று கடிகாரம் சொல்லும் நேரத்தில் நீங்கள் படுக்கிறீர்கள். மூணு மணி நேரத்தில் முழிப்பு வந்தால் அதில் ஆச்சர்யமே இல்லை.

செய்யக்கூடியது இதுதான். வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ் போடுங்க. கிண்டல் பண்ணுவாங்க, பரவாயில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியோ கெட்டியான போர்வையோ கட்டுங்க. அதிகாலை 4 மணி டீயைத் தவிர்த்துடுங்க. டீ, காபியில் இருக்கும் கஃபைனில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்கும் உங்களை எழுப்பிக்கொண்டுதான் இருக்கும். ராத்திரி 12, 1 மணியோடு டீயை முடிச்சுக்கோங்க.

ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் தூங்க முடியவில்லை என்றால், காலையில் நாலைந்து மணி நேரம், ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் ஒண்ணரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கலாம். ஷிஃப்ட் சுற்றுவதிலும் விஷயம் இருக்கிறது. காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுற்றினால் ரொம்பவே திணறும். சங்கத்திலோ ஹெச்.ஆரிடமோ கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்க. கம்பெனிக்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பகலில் தூங்குகிறவர் சும்மா படுத்திருக்கவில்லை. ``பகல்லதானே வீட்ல இருக்க, கேஸ் புக் பண்ணிடு, பேங்குக்குப் போயிட்டு வந்துடு'' என்று எழுப்புவது, உங்களை ராத்திரி 2 மணிக்கு எழுப்பி மாவாட்டச் சொல்வதற்குச் சமம். ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டமும் மைக் செட்டும் சேர்ந்தால் இந்தப் பக்கம் பகல் தூக்கம் கஷ்டம்தான். அம்மனிடம் கோபித்துக்கொள்ள முடியாது. மெடிக்கல் ஷாப்பில் காதில் வைக்கும் இயர் பிளக் கிடைக்கும், வாங்கி வெச்சுக்கோங்க.

தூக்கத்துக்காகக் குடிப்பது இந்த வட்டாரத்தில் சகஜம். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணி. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கம் வராமல் புரண்டவர், 12 மணிக்கு எழுந்து அங்கே போகிறார். குடித்ததும் தூக்கம் சீக்கிரம் வரும், உண்மைதான். ஆனால் பாதித் தூக்கத்துக்கு மேல் அதுவே கலைத்துவிடும். எழுந்ததும் மனசு முன்னைவிடக் கனமாக இருக்கும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பதும் வேண்டாம். பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

ஓ.டி. என்கிற பொறி

எட்டு மணி நேர வேலையோடு நாலு மணி நேர ஓ.டி. போக வர இரண்டு மணி நேரம். மிச்சம் பத்து மணி நேரத்தில் குளிக்க, சாப்பிட, வீட்டில் நாலு வார்த்தை பேச, கொஞ்சம் ரீல்ஸ். தூங்க எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே சொல்லுங்க. வாரம் ஆறு நாள் இப்படிப் போனால் 72 மணி நேரம். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் பார்ப்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்னார்கள்.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம்தான் சட்டப்படி வேலை. அதற்கு மேல் பார்த்தால் இரட்டைச் சம்பளம். 2023 ஏப்ரலில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தது ஞாபகம் இருக்கலாம். சட்டமாக வராதது பல இடங்களில் ஓ.டி. என்ற பெயரில் நடக்கிறது.

`ஓ.டி.யே வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போவது எங்களுக்குச் சுலபம். பைக் டியூ, குழுக் கடன், தங்கச்சி காலேஜ் ஃபீஸ் என்று கட்ட வேண்டியவர் நீங்கள். அதனால் ஒன்றே ஒன்று. நைட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் ஓ.டி. எடுக்காதீங்க. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையை எந்தக் காரணத்துக்காகவும் விற்காதீங்க. இந்த இரண்டால் மாதம் எவ்வளவு குறையும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்க. பல பேருக்கு அது நினைத்த அளவுக்கு இருக்காது. சிலருக்கு இருக்கும். அவர்கள் முதலில் பேச வேண்டியது வீட்டில், கடனைப் பற்றி.

ஆபீஸ் வேலையில் இருப்பவர்களுக்கு ஓ.டி.யும் கிடையாது, வாட்ஸ்அப் குரூப்தான். ராத்திரி 11 மணிக்கு `நாளைக்கு ரிப்போர்ட் வேணும்' என்று மெசேஜ் வரும். வேலை நேரத்துக்குப் பிறகு பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டமாக்கிவிட்டன. இங்கே இன்னும் வரவில்லை. குரூப்பை மியூட்டில் போட்டு, `அவசரம்னா கால் பண்ணுங்க சார்' என்று ஒருமுறை சொல்லிவையுங்க. கால் பண்ணும் அளவுக்கு அவசரம் எவ்வளவு குறைவு என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

உடம்பு சொல்லும், கேளுங்க

நம்ம ஊரில் மனக்கஷ்டம் பெரும்பாலும் மனக்கஷ்டமாக வெளியே வராது. தலைவலி, கேஸ் ட்ரபிள், கழுத்துப் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வரும். திடீரென்று நெஞ்சு அடைத்து, வேர்த்து, `செத்துடுவோமோ' என்று பயந்து, சில நிமிடங்களில் தானாக அடங்குவது பேனிக் அட்டாக்காக இருக்கலாம். முதல் தடவை வந்தால் நீங்களாக முடிவு பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துடுங்க. இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் திரும்பத் திரும்ப வந்தால், மாற வேண்டியது டாக்டர். இதய டாக்டரிடமிருந்து மனநல டாக்டரிடம்.

யாரிடம் போவது, காசு எவ்வளவு?

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கப்பட்டது. இத்தனை காலம் ஆகியும் `கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்வதை நாம் விடவில்லை. அந்தக் கிண்டலுக்குப் பயந்தே பல பேர் போவதில்லை. சாதாரண டிப்ரெஷனுக்கும் பதற்றத்துக்கும் கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதே இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே மனநல டாக்டர் பார்க்கிறார், மருந்தும் இலவசம். தாலுகா மருத்துவமனைகளுக்கு டாக்டர் வரும் கிழமை மாறும் என்பதால், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மருத்துவமனைகளில் விசாரித்துவிட்டுப் போங்க.

நேரில் போகத் தயக்கமா? 14416-க்கு போன் போடுங்க. மத்திய அரசின் `டெலி மானஸ்' சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் `நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இந்தி உள்ளிட்ட மற்ற மொழிகளிலும் பேசலாம். உங்கள் லைனில் பக்கத்தில் நிற்கும் ஒடிசா தம்பிக்கும் இந்த நம்பரைக் கொடுங்க. ஊரைவிட்டு வந்து ரூமில் ஆறு பேரோடு இருக்கும் அவருக்கு நம்மைவிடத் தேவை அதிகம்.

அடுத்தது, சம்பளச் சீட்டை எடுங்க. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் 0.75 சதவிகிதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பார்கள். 15,000 சம்பளத்துக்கு மாதம் சுமார் 113 ரூபாய். கம்பெனி தன் பங்குக்கு 3.25 சதவிகிதம் கட்டும். கான்ட்ராக்டில் இருந்தாலும் இது உண்டு. பிடித்தம் இருந்தும் ஈ.எஸ்.ஐ. நம்பர் தெரியவில்லை என்றால், நாளைக்கே கான்ட்ராக்டரைக் கேளுங்க. ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்கலாம். இது மனநலப் பிரச்னைக்கும் சேர்த்துத்தான். தீவிர மன அழுத்தம், மனச்சிதைவு போன்றவை நீண்டகால நோய்ப் பட்டியலிலும் இருக்கின்றன. இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு அதற்கு 80 சதவிகிதம் வரை உண்டு. இந்தப் பணத்தைப் பெறும் காலத்தில் உங்களை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டமே சொல்கிறது. ஆக, தலைப்பில் இருக்கும் கேள்விக்குப் பதில், முடியும்.

சம்பளம் 21,000-க்கு மேல் என்றால் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸைப் பாருங்க. உடல் நோய்க்குத் தருவதை மன நோய்க்கும் தர வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். உங்கள் சிகிச்சை விவரத்தை டாக்டர் கம்பெனியிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருந்தால், அதே சட்டம் ரகசியத்துக்கும் உத்தரவாதம் தருகிறது.

பக்கத்து சீட் நண்பருக்கு

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒதுங்குகிறார், `நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்கிறார், ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுக்கிறார். தயங்காமல் நேராகக் கேளுங்க: ``செத்துடலாம்னு ஏதாவது தோணுதாடா?'' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருக்கலாம். ஆமாம் என்றால் தனியாக விடாதீங்க. அறிவுரை சொல்லாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து 14416 அல்லது சென்னை `சினேகா'வின் 044-24640050 எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கையில் கொடுங்க. ஆபத்தான நிலை என்றால் 108. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. `போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீங்க.

முதல் தடவை டாக்டரிடம் போகும்போது...

எத்தனை நாளாக இப்படி, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா, இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்க. வேறு மாத்திரை எதுவும் சாப்பிட்டால் அந்தச் சீட்டைக் கொண்டுபோங்க. டிப்ரெஷன் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒரு வாரத்தில் `ஒண்ணும் தெரியலை' என்று நிறுத்திடாதீங்க. சரியானதும் நீங்களாக டக்கென்று விடுவதும் கூடாது. முக்கியமாக, உங்கள் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லுங்க. பல டாக்டர்கள் கேட்க மறந்துவிடுவார்கள். சில மாத்திரைகள் மயக்கம் தரும். `நைட்டு ஒண்ணு' என்று சீட்டில் இருப்பதை அப்படியே போட்டுக்கொண்டு ராத்திரி ஷிஃப்டில் மெஷின் முன்னால் நின்றால் ஆபத்து. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று அங்கேயே கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கோங்க.