வீதி மரணமும் உறவின் இழப்பும்: இலங்கை நட்டஈட்டுச் சட்டத்தில் ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு

பிரியாணி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கில் 2001இல் வந்த தீர்ப்பு மருத்துவக் கவனயீனம் பற்றியது. ஆயினும் அதன் நிழல் நீண்டு விழுந்த இடம் வீதி. வாகனம் மோதி ஒருவர் இறந்தாலும் மருத்துவத் தவறால் இறந்தாலும் இலங்கையில் எழும் வழக்கு ஒன்றே: உரோமன் டச்சுச் சட்டத்தின் அக்கிலிய வழக்கு. பிரியாணி சொய்சா வழக்கில் பிள்ளையை இழந்த தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியிருந்தது. உயர் நீதிமன்றமோ, காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றதோடு, அன்பும் அரவணைப்பும் இழந்தமைக்கான நட்டஈட்டை அக்கிலிய வழக்கின் எல்லைக்குள் ஏற்கவும் மறுத்தது. பொருள் இழப்பு மட்டுமே அவ்வழக்கின் வரம்பு என்பது தீர்ப்பை எழுதிய நீதியரசர் தீரரத்னவின் வாசிப்பு. கோப்பாய்க்கும் சிறுப்பிட்டிக்கும் இடையே நீர்வேலியை ஊடறுத்துப் போகும் பருத்தித்துறை வீதியில் ஒரு பாடசாலைப் பிள்ளை இறந்தால், அந்த வாசிப்பின்படி பெற்றோருக்குக் கிடைக்கக்கூடியது மரணச் செலவும் அதையொட்டிய சிறு தொகையும்தான். குடும்பத்துக்கு உழைத்தவர் இறந்தால் மட்டுமே கணக்கு ஏறும். இந்த வரம்பு பழைய சட்டத்திலிருந்து வழிவழி வந்தது என்று கொள்வதையே இக்கட்டுரை மறுக்கிறது.

அந்த வழக்கின் மூலமான உரோமின் அக்கிலியச் சட்டத்துக்கு மரபாகச் சொல்லப்படும் காலம் கி.மு. 286. அது உறுதியானதல்ல, பிந்திய பைசாந்தியக் குறிப்புகளிலிருந்து ஊகிக்கப்பட்டது. நமக்கு வேண்டியது ஆண்டு அல்ல, அதன் உள்ளடக்கம். அதன் முதல் அத்தியாயம் பேசுவது பிறருடைய அடிமையையும் மந்தை விலங்கையும் கொன்றவன் செலுத்த வேண்டிய விலை பற்றி. சுதந்திர மனிதனின் உடலை மதிப்பிட முடியாது என்பது உரோமச் சட்ட அறிஞரின் நிலைப்பாடு. அப்படியானால் கணவன் கொல்லப்பட்ட விதவைக்குச் சுத்தமான உரோமச் சட்டத்தில் வழக்கே இல்லை. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வழக்குரிமை தந்தது ஒல்லாந்து. ஒல்லாந்துச் சட்ட அறிஞர் குரோட்டியஸ் 1631இல் வெளியிட்ட நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. கொலைக்கு ஈடாக உறவினருக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்யும் ஜெர்மானிய வழக்கம் அக்கிலிய மரத்தில் ஒட்டுக் கட்டப்பட்டதே அது. ஒட்டு எந்தத் தலைமுறையில் நிகழ்ந்தது என்று அறுதியிட முடியாது. நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. காயம்பட்டவர் தம் வலிக்காகக் கேட்கும் நட்டஈடும் இதே ஜெர்மானிய வழி வந்ததுதான். ஆக, மரணத்துக்கான வழக்கின் எல்லையை அக்கிலியத் தூய்மையைக் கொண்டு அளப்பது பொருந்தாது. தூய்மையைக் காக்க வேண்டுமென்றால் அந்த வழக்கையே தள்ளியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் கோடு எங்கே விழுந்தது? தென்னாப்பிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1911இல் தீர்த்த யூனியன் அரசாங்கம் எதிர் வார்னக்கே வழக்கில் என்பதே என் கணிப்பு. மனைவியை இழந்த கணவன் தொடுத்த வழக்கு அது. பழைய நூல்கள் பேசுவது பெரும்பாலும் விதவையையும் பிள்ளைகளையும் பற்றி. நீதிமன்றம் கணவனையும் உள்ளே விட்டது. வீட்டை நடத்துவதிலும் பிள்ளைகளை வளர்ப்பதிலும் மனைவி தந்த உதவியின் இழப்பை அது பொருள் இழப்பாக ஏற்றது. அவளுடைய துணையின் இழப்பைத் தள்ளியது. ஒரே தீர்ப்பில் ஒரு கதவு திறக்கிறது, இன்னொன்று சாத்தப்படுகிறது. திறந்தது நீதிபதிகளின் விரிவாக்கம் என்றால், சாத்தியதும் நீதிபதிகளின் தெரிவுதான். அதை மட்டும் பழஞ்சட்டத்தின் ஆணை என்பது எப்படி? இங்கிலாந்தின் 1846ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தை 1852இல் பிளேக் வழக்கு பணஇழப்போடு நிறுத்தியதும், தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றங்களில் ஆங்கிலச் செல்வாக்கு ஊறியிருந்ததும் சேர்ந்து பார்க்கத்தக்கவை. நேரடிச் சான்று மெலிது. ஒத்த கோடு ஒத்த இடத்தில் விழுவது தற்செயல் என்று ஏற்க எனக்கு மனமில்லை. அந்த இங்கிலாந்தே 1982இல் துயருக்கான நட்டஈட்டைச் சட்டமாக்கிவிட்டது.

துயரத்துக்கு அளவுகோல் இல்லை, நீதிபதிக்கு நீதிபதி தொகை மாறும் என்று இதற்கு மறுப்பு எழலாம். வலிக்கும் அளவுகோல் இல்லை. அதை நீதிமன்றங்கள் நாள்தோறும் அளக்கின்றன. பொருள் இழப்பு மட்டும் தெளிவாகக் கணக்கிடக்கூடியது என்பதும் மாதச் சம்பளம் பெறுவோரை மனத்தில் வைத்த எண்ணம். நீர்வேலி வாழைத் தோட்டக்காரரின் வருமானம் குலைக்குக் குலை, சந்தைக்குச் சந்தை மாறுவது. சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கோப்பும் பெரும்பாலும் இருக்காது. காப்புறுதிக் கம்பனி முதலில் கைவைப்பது அந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் இதே தோட்டக்காரர் இறந்தால் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை நிர்ணயிக்கும். சர்லா வர்மா வழக்கின் (2009) அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை 15 என்ற பெருக்கி, பிரணய் சேத்தி வழக்கு 2017இல் துணையிழப்புக்கு நிர்ணயித்த 40,000 இந்திய ரூபா என்ற அடிப்படைத் தொகை என்று பேரம் ஒரு தளத்திலிருந்து தொடங்கும். இங்கே அப்படியொரு தளம் இல்லாததால் சமரசம் காத்திருக்கக்கூடியவர் பக்கம் சாய்கிறது. 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியும், கம்பனியின் கடப்பாட்டை நீதிமன்றத் தீர்ப்போடு பிணைத்திருக்கிறது. தீர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். முன்கூட்டிக் கொடுக்கும் தொகையில் அந்த ஆண்டுகள் கழிக்கப்படுகின்றன.

1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மட்டும் பேரத்தைக் கோரிக்கையாளர் பக்கம் சற்றே நகர்த்தியது. அதுவரை காயம்பட்டவரின் தவறு விபத்துக்குக் காரணமாயின் கோரிக்கையே விழுந்துவிடும் நிலை இருந்தது. அதன் பின் தவறு பங்கிடப்படுகிறது. விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இரவில் மோதப்பட்டாலும் அதை ஓட்டியவருக்கு நட்டஈட்டில் ஏதோ ஒரு பங்கு உண்டு. இங்கே யாழ்ப்பாணத்துக்கேயுரிய ஒரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். மரண நட்டஈட்டை முதுசம்போல, யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பிரிக்கலாம் என்ற எண்ணம் தவறு. இறந்தவரில் தங்கியிருந்தோரின் உரிமை அவர்களுடைய சொந்த உரிமை. இறந்தவரின் ஆதனத்தின் வழியாக வருவதல்ல. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை கவனயீனத்தால் நேரும் காயத்துக்குப் பொதுவிதி எதையும் வகுக்கவில்லை; அந்த வெற்றிடத்தை நிரப்புவது உரோமன் டச்சுச் சட்டமே.

2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் மரணத்தால் உறவினர் அடையும் பொருள்சாராத இழப்புக்கும் வழி திறந்தது. இதைப் புதுமை என்று கொள்வோர், 2001 தீர்ப்பு அன்றைய சட்டத்தைச் சரியாகச் சொன்னது என்று தம்மையறியாமலே ஒப்புக்கொள்கிறார்கள். என் வாசிப்பில் அது 1911இல் சாத்திய கதவைத் திறந்தது, அவ்வளவே. காயத்தோடு உயிர்தப்பியவருக்கோ இச்சட்டத்தால் பயனில்லை. அவர் வழக்கு இன்னும் காரே ஓடாத 1871இல் இயற்றப்பட்ட காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்குள்தான் நிற்கிறது. இரண்டு ஆண்டுக்குள் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். காப்புறுதிக் கம்பனியோடு எத்தனை மாதம் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தக் காலம் தானாக நிற்பதில்லை.