உலகளந்த கோலும் ஊர்நத்தமும்

சென்ற கோடையில், கும்பகோணத்துக்கு அருகில் உள்ள நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தோம். சுற்றியுள்ள கோயில்களின் கல்வெட்டுகளைப் பார்ப்பதே நோக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் அந்த வீட்டை அளந்து விலை மதிப்பிட ஒருவர் வந்திருந்தார். பாகப்பிரிவினை. வீட்டை நண்பர் வைத்துக்கொண்டு, தமக்கைக்கு அவருடைய பங்கைப் பணமாகத் தருவதென்று ஏற்பாடு. தந்தையார் காலத்துப் பத்திரத்தில் ஒரு பரப்பளவு, சொத்துவரிச் சீட்டில் வேறொன்று, அன்று காலை நாடாவில் வந்தது மூன்றாவது. எதை நம்புவது என்று தமக்கை கேட்டார். "எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதைப் பொறுத்ததும்மா" என்றார் மதிப்பீட்டாளர். தட்டிக்கழிக்கும் பதில்போல ஒலித்தாலும் அதில் பிழையில்லை என்பது எங்களுக்குப் பிற்பாடு விளங்கியது.

வெளிப்புறம் முப்பதுக்கு நாற்பது அடி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவரின் வெளிமுகத்திலிருந்து அளந்தால் 1,200 சதுர அடி. சுவர் ஒன்பது அங்குலக் கனம் என்றால் உள்ளே இருப்பது இருபத்தெட்டரைக்கு முப்பத்தெட்டரை, அதாவது 1,097 சதுர அடியும் சொச்சமும். சுவர் மட்டுமே நூறு சதுர அடிக்கு மேல் தின்றுவிடுகிறது. சதுர அடி ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு லட்சத்துக்கும் அதிகம். பழைய வீடுகளின் கனத்த சுவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

சுவர் எவர் கணக்கில் சேரும் என்பதற்கு உலகம் ஒரே விடையைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தனி வீடுகளுக்கென 1996-இல் வெளியான 'அன்சி இசட்765' என்னும் தரநிலை வெளிமுகத்திலிருந்தே அளக்கச் சொல்கிறது. உட்கூரை ஏழடி உயரமாவது இருக்கவேண்டும், தரைமட்டத்துக்குக் கீழுள்ள அறைகளைத் தனியே காட்டவேண்டும் என்றும் விதிக்கிறது. ஃபேனி மே என்னும் வீட்டுக்கடன் நிறுவனம் 2022 ஏப்ரல் முதல் தன்னிடம் வரும் மதிப்பீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கிற்று. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டமோ 'கார்பெட் ஏரியா' என்பதில் புறச்சுவரை நீக்குகிறது, அறைகளைப் பிரிக்கும் உட்சுவரைச் சேர்க்கிறது, தனி உரிமையான பால்கனியையும் தாழ்வாரத்தையும் விலக்குகிறது. அதற்கு முன்பு 'சூப்பர் பில்ட்-அப்' என்ற பெயரில் படிக்கட்டும் மின்தூக்கியும் நடைபாதையும் வாங்குபவர் தலையில் எவ்வளவு ஏற்றப்பட்டன என்பதை அடுக்ககத்தில் வீடு வாங்கிய வாசகர்கள் நம்மைவிட நன்கறிவர்.

அன்று மாலை கோயில் அதிட்டானத்தின் அருகே குனிந்து நின்றபோதும் காலையில் கேட்ட அந்த வாக்கியமே நினைவில் இருந்தது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரிலோ அடித்தளத்திலோ ஒரு நீண்ட கோடு வெட்டப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் கூட்டல் குறிபோன்ற அடையாளம். அவ்வூர் நிலத்தை அளந்த கோலின் நீளம் அது. அளப்பவன் கையிலுள்ள மூங்கில் சுருங்கலாம், முறியலாம், சுருக்கவும் படலாம். கல்லில் வெட்டிய கோடு எல்லோர் கண்முன்னும் இருக்கும். ஐயம் வந்தவர் கோலைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கோலின் நீளத்தில் அப்படியென்ன இருக்கிறது? ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்டது ஒரு குழி. வரி குழிக்கணக்கில், மாக்கணக்கில் ஏறும். பதினாறு சாண் கோலால் அளந்து 900 குழி வருகிற வயல், பன்னிரண்டு சாண் கோலால் அளந்தால் 1,600 குழியாகிவிடும். வயல் ஓர் அங்குலமும் வளரவில்லை, கோல்தான் குறுகியது. இதோடு முடியவில்லை. ஒரு மாவுக்குச் சில ஊர்களில் நூறு குழி, வேறு ஊர்களில் 256 குழி. கல்வெட்டுகளில் மாளிகைக்கோல் என்றும், பாண்டிநாட்டில் சுந்தரபாண்டியன் கோல் என்றும், குடிதாங்கிக் கோல் என்றும் பெயர்கள் வருகின்றன. குடிதாங்கி என்ற பெயரை வைத்தவர் குடிகளா, அதிகாரிகளா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது, முடிவு எட்டவில்லை. எந்தக் கோல், மாவுக்கு எத்தனை குழி என்று நிலக்கொடைக் கல்வெட்டுகள் வரிந்து கட்டிக்கொண்டு சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். மதிப்பீட்டாளர் சொன்ன 'எங்கிருந்து எதுவரை' என்பதன் அக்காலத்து வடிவம் அது.

முதலாம் இராஜராஜன் 1001-ஐ ஒட்டி நாடெங்கும் நிலமளக்கச் செய்தான். அளந்த சேனாபதிக்கு உலகளந்தான் என்ற பட்டம் கிடைத்தது. மூவுலகையும் அடியால் அளந்த திருமாலின் பெயரை வருவாய்த்துறை எடுத்துக்கொண்டது! முதலாம் குலோத்துங்கன் 1086-இல் மீண்டும் அளந்தபோது கோலுக்கு ஸ்ரீபாதத்தின் பெயரே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் டூம்ஸ்டே கணக்கெடுத்ததும் அதே 1086-இல்தான். இந்தத் தற்செயலை வரலாற்று நூல்கள் மகிழ்ச்சியோடு குறிப்பிடுவது வழக்கம், நாமும் குறிப்பிட்டுவிட்டோம்.

இராஜராஜன் அளவையைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் எண் ஒன்று உண்டு. ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்குவரை அளந்தார்கள் என்பது அது. ஒரு சதுர அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடம். மேடைகளில் இதைச் சொன்னால் கைதட்டல் எழும். நாங்களும் தட்டியிருக்கிறோம். ஆனால் எந்தக் கோலும் எந்தக் கயிறும் வயலில் அதை அளந்திருக்க முடியாது. முந்திரி என்பது 320-இல் ஒன்று. கீழ் என்று ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மீண்டும் 320-ஆல் வகுக்கவேண்டும். 320-ஐ நான்கு முறை வைத்துப் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் மேற்சொன்ன எண் வந்துவிடும். கோல் அளவுகளைப் பெருக்கி, விலக்குகளைக் கழித்து, கடைசியில் மிஞ்சிய எச்சத்தைத் தள்ளிவிட மனமில்லாத ஒரு கணக்கரின் கைவண்ணம் இது என்பதே எமது எண்ணம். அளவையின் பெருமையைவிடக் கணக்கின் பெருமையே இதில் அதிகம்.

அந்த எண்ணைவிட எங்களை நிறுத்தியது விலக்குப் பட்டியல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுகள், முதலில் ஊரின் மொத்த அளவைத் தருகின்றன. பிறகு வரி இல்லாத இடங்களைக் கழிக்கின்றன: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரின் ஊடே போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. எஞ்சியதே இறைகட்டும் நிலம். ஆக, குடியிருக்கும் இடம் அளக்கப்பட்டது, ஆனால் கழிப்பதற்காக. மனை இறை என்ற வரியும் கல்வெட்டுகளில் உண்டு என்றாலும் அரசின் பெரும் கண் விளைநிலத்தின் மேல்தான் இருந்தது. அதே பட்டியல், யார் யார் ஊருக்குள், யார் யார் தனிச்சேரியில் என்பதையும் வரி வரியாகக் காட்டிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீண்டாமை என்ற சொல் நிலப்பதிவேட்டில் ஒரு தலைப்பாக இருந்தது என்பதை, 52,428,800,000-ஐச் சொல்லும் மேடைகள் சொல்வதில்லை.

வீட்டின் மதிப்போ அக்காலத்தில் பரப்பால் மட்டும் வரவில்லை. பல்லவர் செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமை ஒரு சலுகையாக வழங்கப்படுகிறது. அனுமதி பெற்றவருக்கே அந்தச் சுவர்.

நத்தம் என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கிராம நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். அது நெடுங்காலம் தீர்வைக்கு வெளியே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நத்தம் நிலவரித் திட்டம் வந்து மனைமனையாக அளந்து பட்டா வழங்கியது. நண்பரின் வீடும் நத்தத்தில்தான் உள்ளது.

இன்னொரு பழைய கோலும் நம்மிடையே உலவுகிறது. சென்னையில் இன்றும் மனையைக் கிரவுண்டு கணக்கில் விற்கிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஏன் 2,400? இருபத்து நான்கு மனை சேர்ந்தது ஒரு காணி. 57,600 சதுர அடி. பக்கத்துக்கு 240 அடி உள்ள சதுரம். இருபத்து நான்கு அடிக் கோலால் அளந்தால் நீளம் பத்துக் கோல், அகலம் பத்துக் கோல், சரியாக நூறு குழி. தஞ்சைப் பக்கத்து வேலியோ 2,88,000 சதுர அடி, அதாவது மிகச் சரியாக ஐந்து காணி. அந்த வேலி பன்னிரண்டடிக் கோலால் அமைந்தது. சாணுக்கு ஒன்பது அங்குலம் என்று வைத்தால் பன்னிரண்டடி என்பது பதினாறு சாண். இராஜராஜன் காலத்துச் சாண் ஒன்பது அங்குலம்தான் என்று அடித்துச் சொல்ல நாங்கள் துணியமாட்டோம். ஆனால் ஆங்கிலேயர் காலத்து அடிக்குள் கோல்கள் ஒடுங்கியபோதும் அவற்றின் விகிதங்கள் அழியவில்லை என்பது மட்டும் தெளிவு. சென்னைவாசி 'அரை கிரவுண்டு' என்று சொல்லும்போது, தாம் பார்த்தேயிராத ஒரு மூங்கில் கோலைத்தான் பேசுகிறார்.

இருட்டிய பின் வீடு திரும்பினோம். மதிப்பீட்டாளர் தம் தாளை விட்டுச் சென்றிருந்தார். அளந்தது சுவரின் வெளிமுகத்திலிருந்து என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். கீழே, ஓட்டுக் கூரையிட்ட திண்ணைக்குத் தனிக் கட்டம், தனி விகிதம். தமக்கை அதைப் படித்துவிட்டு, "எந்த இடத்திலிருந்து அளந்தார் என்று எழுதிவிட்டார், போதும்" என்றார். பிறகு எல்லோருமாக அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் இரவு உணவு உண்டோம்.