பிறந்தநாள் மெழுகுவர்த்தி

பிறந்தநாளன்று கேக்கின்மீது மெழுகுவர்த்தி ஏற்றி, பின் அதனை ஊதி அணைக்கும் வழக்கம் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்டது. விளக்கை ‘அணை’ என்று சொல்லவும் நம் மூதாட்டியர்க்கு நாக்கூசும். ‘குளிர வை’ என்பர். அம்மரபில் வந்த குழந்தை நன்னாளில் சுடரை வாயால் ஊதலாமா என்று அவர்கள் வினவுவது இயல்பே. விடை கூறுமுன் இவ்வழக்கத்தின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

இது பண்டைக் கிரேக்கரிடமிருந்து வந்ததெனப் பலர் எழுதுவர். ஆர்ட்டெமிஸ் என்னும் தெய்வத்துக்கு, சுற்றிலும் சிறு தீபங்கள் ஏற்றிய பணியாரத்தை ஏதென்ஸ் மக்கள் படைத்தது உண்மையே. ஆயினும், அது முழுநிலாக் காலத்து வழிபாடு. எவருடைய வயதையும் குறித்ததன்று. அதனையும் இன்றைய வழக்கத்தையும் இணைக்கும் சான்றும் இல்லை.

தெளிவான சான்றுகள் ஜெர்மானிய நிலத்தில் கிடைக்கின்றன. மொராவியச் சமயக் குழுவின் தலைவராக விளங்கிய சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாள் 1746ஆம் ஆண்டில் கொண்டாடப்பட்டபோது, பெரியதோர் கேக்கில் அவருடைய வயதுக்கேற்ற எண்ணிக்கையில் மெழுகுவர்த்திகள் நாட்டப்பட்டன. 1801இல் மகாகவி கதே, கோதா நகரில் இளவரசர் ஒருவரின் விருந்தினராகத் தங்கித் தம் 52ஆம் பிறந்தநாளைக் கண்டார். ஏறத்தாழ ஐம்பது வர்த்திகள் நெருங்கி எரிந்து உருகத் தொடங்கின என்றும், குழந்தைகளின் விழாவிலோ வருங்கால ஆண்டுகளுக்கும் இடம் எஞ்சியிருக்கும் என்றும் அவர் நகைச்சுவையோடு குறித்துள்ளார். வயதுக்கொரு வர்த்தி என்பது அந்நாளிலேயே குழந்தைகளின் விழாவுக்கு உரியதாயிருந்தது என்பதை இக்குறிப்பு காட்டுகிறது. பிறந்தநாள் வர்த்தியை ஜெர்மானியர் ‘உயிர்ச்சுடர்’ எனப் பொருள்படும் சொல்லாலும் வழங்குவர்.

தேன்மெழுகு விலையுயர்ந்தது, ஆகவே ஐம்பது வர்த்திகளை ஒருசேர எரிப்பது செல்வர்க்கே இயன்றது. 19ஆம் நூற்றாண்டில் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டியரினும், பின்னர் பாரஃபின் மெழுகும் வந்தன. 1834இல் வர்த்திகளை வார்க்கும் இயந்திரமும் தோன்றியது. விலை குறையவே, எளியோர் இல்லத்திலும் வர்த்தி எரியலாயிற்று. அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் பலர், தம் ஊரையும் உறவையும் விட்டுப் பிரிந்தாலும் தம் வீட்டு வழக்கங்களை விடாது உடன்கொண்டு சென்றனர். பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்த நமக்கு அவர்கள் மனநிலையை விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

இனி, மூதாட்டியரின் வினாவுக்கு வருவோம். நம் திருவிளக்கு தெய்வத்தின் முன் ஏற்றப்படுவது. காலம், இடம், முறை ஆகியவற்றோடு கூடியது. கேக்கின்மீது எரியும் வர்த்தியோ நிறைந்த ஆண்டுகளின் கணக்கு. ஒன்றுக்குரிய விதியை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் பொருந்தாது. பிறந்த திங்களில் பிறந்த நட்சத்திரம் கூடும் நாளில் எண்ணெய் நீராடி, விளக்கேற்றிப் பெரியோரை வணங்கும் நம் முறையைக் குழந்தைக்குக் காலையில் கற்பிப்போம். மாலையில் அதன் தோழர் சூழ வர்த்தியை ஊதுவதையும் மறுக்க வேண்டா. ஊதுவதை ஏற்க மனம் ஒவ்வாத இல்லத்தில், வர்த்தி தானே எரிந்து முடியட்டும். எம்முறையாயினும், குழந்தை நீடு வாழ்க என்னும் வாழ்த்தே அங்கு முதன்மை பெறுவதாகும்.