ரீபாண்டிங் பாதியில் நின்றுவிட்டதா? முடியைக் கெடுக்காமல் சரிசெய்யும் வழி

தீபாவளிக்கும் கல்யாணத்திற்கும் முன்பாக அழகு நிலையங்களில் அதிகம் கேட்கப்படும் சேவைகளில் ஒன்று ரீபாண்டிங். நான்கைந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கட்டிவிட்டு வீடு திரும்பும் பெண், மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறார். மேலே நேராக இருக்கிறது, பிடரிப் பக்கம் பழைய சுருள் அப்படியே நிற்கிறது. கல்யாணத்திற்கு இன்னும் மூன்று வாரம்தான். "நாளைக்கே வாங்க, இன்னொரு தடவை மருந்து போட்டுவிடலாம்" என்கிறது கடை.

பெரும்பாலான முடி உடைவது இந்த இரண்டாவது தடவையில்தான். மருந்து குறைவாக வேலை செய்த முடியைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி வேலை செய்த முடியை எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதை வெட்டிவிட்டுப் புதுமுடி வளரும்வரை காத்திருக்க வேண்டும். தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்புவரை முடி வைத்திருந்தவருக்கு அது பல ஆண்டுக் காத்திருப்பு.

முடிக்குள் நடப்பது என்ன?

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. ஏணியின் இரண்டு கால்களையும் படிகள் பிடித்து வைப்பது போன்றது இது. சுருள் முடி நனைந்து காய்ந்தபின் மறுபடியும் சுருளாகவே நிற்பதற்கு இந்தப் படிகள் முக்கியக் காரணம்.

ரீபாண்டிங் இரண்டு மருந்துகளால் நடக்கிறது. முதல் மருந்தில் உள்ள அமோனியம் தயோகிளைக்கோலேட் இந்தப் படிகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. முடி இளகியதும் மருந்தை அலசி, காயவைத்து, சூடான இரும்புத் தட்டால் மெல்லிய கற்றைகளாக இழுத்து நேராக்குவார்கள். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாம் மருந்து, அறுந்த படிகளை அந்த நேரான நிலையிலேயே மறுபடி கட்டுகிறது. முதல் மருந்து போதுமான அளவு அறுக்காவிட்டால் மிச்சமிருக்கும் படிகள் முடியைப் பழைய வடிவத்திற்கே இழுத்துவிடும். இதுதான் மருந்து குறைவாக வேலை செய்த முடி.

ஏன் குறைந்தது?

மருந்தைச் சீக்கிரம் அலசியது, தடித்த கற்றைகளாகப் பிரித்ததால் உள்முடிக்கு மருந்து எட்டாதது, கண்ணுக்குத் தெரியாத பிடரிப் பகுதியில் குறைவாகப் பூசியது ஆகியவை கடையில் நடக்கும் தவறுகள். முடியிலேயே உள்ள காரணங்களும் உண்டு. நரைத்த முடியும் தடித்த முடியும் மருந்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. தினமும் எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்களின் முடியில் எண்ணெய்ப் படலம் தங்கி மருந்தைத் தடுக்கும். இரும்புச்சத்து அதிகமுள்ள கிணற்று நீரிலும் குழாய்க் கிணற்று நீரிலும் குளிப்பவர்களின் முடியில் உலோகப் படிவு சேர்ந்திருக்கலாம். மருதாணி போட்டுவரும் முடியிலும் மருந்து ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் ஏறாது.

ஒன்றை மட்டும் தவறாக எண்ணக் கூடாது. மண்டைத் தோலில் படாமல் இருக்க, வேரிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் விட்டுத்தான் மருந்து பூச வேண்டும். வேரோரம் கொஞ்சம் அலை தெரிந்தால் அது குறையல்ல, பாதுகாப்பு.

முதலில் எது என்று கண்டுபிடியுங்கள்

நேராகாத முடி எல்லாம் மருந்து குறைந்த முடி அல்ல. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூன்று வேறு நிலைகள் உண்டு.

முதலாவது, மருந்து குறைந்த முடி. நனைத்தால் பழைய அலை அதே வடிவத்தில் திரும்புகிறது. தொட்டால் உறுதியாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. இதற்குத் திருத்தம் உண்டு.

இரண்டாவது, இரண்டாம் மருந்து குறைந்த முடி. கடையிலிருந்து வரும்போது முழுவதும் நேராக இருந்து, ஒன்றிரண்டு தடவை குளித்தபின் தளர்ந்து அலையாகிறது. முடி வழக்கத்தைவிட மென்மையாகத் துவள்கிறது. அறுந்த படிகள் சரியாகக் கட்டப்படவில்லை என்பதால் இந்த முடி பலவீனமானது. இதற்கு மேல் முதல் மருந்தைப் போடுவது ஆபத்து.

மூன்றாவது, மருந்து மீறிய முடி. காய்ந்தால் சொரசொரவென்று பரந்து நிற்கும், நுனி வளைந்து நெளியும். பார்ப்பவர் "இன்னும் நேராகவில்லை" என்றே நினைப்பார். நனைத்தால்தான் உண்மை தெரியும்: ரப்பர் போல இழுபடும், பிசுபிசுப்பாக இருக்கும். இதன்மேல் இன்னொரு தடவை மருந்து வைத்தால் கற்றை கற்றையாகக் கையோடு வரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உச்சி, காதோரம், பிடரி, நுனி என்று நான்கு இடங்களில் ஒவ்வொரு முடியை நனைத்து, இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்திற்குத் திரும்பும். நீண்டபடியே நின்றாலோ, உடனே அறுந்தாலோ அந்தப் பகுதிக்கு இனி மருந்து வேண்டாம்.

காத்திருப்பதே முதல் சிகிச்சை

சோதனையில் முடி உறுதியாக இருந்தாலும் மறுநாளே மருந்து போடக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விடுவது நல்லது. மண்டைத் தோல் ஆறவும், முடியின் உண்மையான நிலை தெரியவும் அந்த அவகாசம் தேவை. சாயமிட்ட முடிக்கும் ஏற்கெனவே பலமுறை ரீபாண்டிங் செய்த முடிக்கும் இன்னும் அதிக நாள் விட வேண்டும். ப்ளீச் செய்த முடிக்கு இரண்டாம் தடவை என்பதே வேண்டாம்.

இந்த நாள்களில் முடிக்குக் கண்டிஷனர் தவறாமல் போட வேண்டும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவதும் பலன் தரும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. பாட்டி சொன்னது இந்த விஷயத்தில் சரிதான். ஆனால் மறுபடி மருந்து வைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எண்ணெயை நிறுத்தி, ஷாம்பு போட்டு எண்ணெய்ப் படலத்தைப் போக்கிவிட வேண்டும். மருந்து வைக்கும் நாளில் தலையைச் சொறிவதும் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. கீறல் விழுந்த தோலில் மருந்து பட்டால் எரியும், புண்ணாகும்.

இரண்டாம் தடவை: ஆறு கட்டுப்பாடுகள்

1. முன்பு போட்டது எந்த வகை மருந்து என்று தெரியாமல் தொடங்கக் கூடாது. இணையத்தில் வாங்கும் சில 'ரிலாக்ஸர்' டப்பாக்களில் சோடியம் ஹைட்ராக்சைடு, குவானிடின் போன்ற கடும் காரம் இருக்கும். அவை முடியை மாற்றும் விதமே வேறு. தயோகிளைக்கோலேட் பட்ட முடியில் அவற்றைப் போட்டாலும், அவை பட்ட முடியில் தயோகிளைக்கோலேட் போட்டாலும் முடி உடைந்துபோகும். ஒரே வகை மருந்தே மறுபடியும் வர வேண்டும்.

2. மருதாணியின் பெயரில் விற்கும் கருஞ்சாயப் பொடிகளைப் பயன்படுத்தியவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கலாம். அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறி நொறுங்கும்.

3. காதுக்குப் பின்னால் உள்ள சிறு கற்றையில் முதலில் சோதித்து, காயவைத்து, இழுத்துப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

4. நேராகாத பகுதிக்கு மட்டும் மருந்து. ஏற்கெனவே நேரான பகுதிகளிலும் நுனியிலும் கண்டிஷனரைத் தடித்துப் பூசி மறைத்துவிட்டால் மருந்து அங்கே இறங்குவது குறையும். முழுத் தலைக்கும் இன்னொரு தடவை பூசுவது திருத்தம் ஆகாது.

5. மருந்தின் வீரியத்தைக் கூட்டக் கூடாது. சாயமிட்ட முடிக்கென்று வரும் மென்மையான வகையே போதும். மூன்று முதல் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு முடியைத் துடைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். சற்று நீண்டு, சுருண்டு ஓடாமல் நின்றால் அலசிவிட வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தைத் தாண்டவே கூடாது. தோல் எரிந்தால் அந்த நொடியே அலச வேண்டும்.

6. முடி முழுவதும் காய்ந்த பிறகே இரும்புத் தட்டு. தட்டு பட்டதும் 'சுர்' என்று சத்தம் வந்து ஆவி பறந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த ஈரம் கொதித்து முடிக்குள் குமிழிகளை உண்டாக்கும், முடி அங்கேயே முறியும். மருந்து பட்ட முடிக்கு 180 பாகை செல்சியசுக்குக் கீழே வைப்பதே பாதுகாப்பு. இரண்டாம் மருந்தை எல்லாக் கற்றைகளிலும் நனையப் பூசி, சொன்ன நேரம் முழுவதும் விட்டு அலச வேண்டும்.

இது வீட்டில் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல. தன் பிடரியைத் தானே பார்த்துப் பூச யாராலும் முடியாது. கர்ப்பிணிகளும் மண்டைத் தோலில் புண் அல்லது ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கல்யாணம் நெருங்கிவிட்டால்?

முகூர்த்தத்திற்கு ஒரு மாதத்திற்கும் குறைவான நாளே இருந்தால் மறு மருந்தைக் கல்யாணத்திற்குப் பிறகு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சவுரி வைத்துப் பின்னிய சடையில், மல்லிகைச் சரமும் குஞ்சலமும் ஏறியபின், பிடரியில் இருக்கும் அலை யார் கண்ணிலும் படாது. சொல்லப்போனால் முழுக்க நேரான முடி வழுக்கும். சடையும் பூவும் பிடித்து நிற்கக் கொஞ்சம் சொரசொரப்பு உதவும். வரவேற்பு நாளுக்கு முடியை விரித்துவிட விரும்பினால், வெப்பத்திலிருந்து காக்கும் கிரீமைப் பூசிவிட்டு அன்று ஒரு நாள் மட்டும் இரும்புத் தட்டால் நேராக்கிக்கொள்ளலாம்.

"ரீபாண்டிங் சரியாக வரவில்லை என்றால் கெரட்டின் போடலாமே" என்ற யோசனையையும் கவனமாகக் கேட்க வேண்டும். அவ்வகை மருந்துகள் சிலவற்றில் சூடுபட்டால் ஃபார்மால்டிஹைட் ஆவி வெளியாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

பெட்டியைப் பாருங்கள், ரசீதை வையுங்கள்

தயோகிளைக்கோலேட் அளவு பொதுப் பயன்பாட்டு மருந்தில் 8 விழுக்காட்டையும், தொழில்முறைப் பயன்பாட்டு மருந்தில் 11 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது ஆசியான் அழகுப் பொருள் விதி. மலேசியாவில் முறையாக அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு என்-ஓ-டி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் இப்பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்தினுடையது. பெயரில்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசும் கடையில் உட்காராமல் எழுந்துவிடுவதே நல்லது.

வேலை சரியாக அமையாவிட்டால் முதல் வாரத்திலேயே நனைந்த முடியையும் காய்ந்த முடியையும் படமெடுத்து, ரசீதோடு கடையில் காட்டிப் பேச வேண்டும். இன்னொரு தடவை இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னால், தேதியைத் தள்ளி எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். அவசரத்திற்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. மனுவை மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் உடற்காயத்திற்கான இழப்பீடு அதன் வரம்பில் வராது. தோல் புண்ணானவர்கள் மருத்துவச் சான்றிதழோடு வேறு சட்ட ஆலோசனை பெற வேண்டும். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். அங்கே கெடு இரண்டு ஆண்டு.

மண்டைத் தோலில் கொப்புளம், நீர் வடிதல், கொத்தாக முடி உதிர்தல் ஆகியவை தெரிந்தால் கடைக்குப் போவதற்கு முன் கிளினிக்குக்குப் போக வேண்டும். மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்து, நனைந்த முடியை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த ஒரு மாதத்தில் சுருள் எங்கும் ஓடிவிடாது. அதுவரை முடி உடையாமல் தலையில் இருந்தால், பிறகு எதையும் சரிசெய்துகொள்ளலாம்.